நாற்காலி போட்டு வைப்பவர்கள்

லண்டனில் இசை கேட்கப் பெரிய அரங்குகளுக்குக் குறைவே இல்லை. ராயல் ஆல்பர்ட் ஹால் இருக்கிறது, பார்பிகன் இருக்கிறது, தேம்ஸ் கரையில் சவுத்பேங்க் இருக்கிறது. ஊரிலிருந்து யாராவது வந்தால் அங்கெல்லாம் அழைத்துப் போவேன். ஆனால் வேலை முடிந்த கையோடு, யாரும் கூப்பிடாமல் நானாகக் கிளம்பிப் போகிற இடம் வேறு. கிழக்கு லண்டனில், டால்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மூன்று நிமிட நடையில் ஆஷ்வின் தெரு என்றொரு சின்னத் தெரு. அதில் இருக்கிறது கஃபே ஓட்டோ.

பகலில் போனால் அது ஒரு காபிக் கடை. பழைய கட்டிடத்தின் தரைத்தளம், தெருப்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல்கள், லேப்டாப்பைத் திறந்து வைத்தபடி ஆறிப்போன காபியோடு நாலைந்து பேர். சுவரோரம் இசைத்தட்டுகளும் புத்தகங்களும் விற்பனைக்கு இருக்கும். ஒரு பக்கம் கிராண்ட் பியானோ நிற்பதைப் பார்த்தால்தான் இது வெறும் காபிக் கடை இல்லை என்று தோன்றும். மாலையானதும் மேசைகளில் பாதியை ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை நெருக்கிப் போடுகிறார்கள். ஒன்றுக்கொன்று ஜோடி சேராத நாற்காலிகள். மேடை என்று உயர்த்திக் கட்டிய எதுவும் கிடையாது. வாசிப்பவரின் காலும் முன்வரிசைக்காரரின் காலும் ஒரே தரையில்தான். நூற்றுச் சொச்சம் பேர் வந்தாலே இடம் நிரம்பி, பின்னால் பாரை ஒட்டி நிற்க வேண்டியதுதான்.

ஹேமிஷ் டன்பர், கெய்கோ யமமோட்டோ என்ற இருவர் 2008 ஏப்ரலில் இதைத் தொடங்கினார்கள். ஓட்டோ என்றால் ஜப்பானிய மொழியில் ஒலி. வானொலியில் வராத, பெரிய அரங்குகள் கூப்பிடத் தயங்குகிற இசைக்கு என்றே வைத்த இடம் இது: பரிசோதனை இசை, முன்கூட்டி எதையும் தீர்மானிக்காமல் அந்த நேரத்தில் உருவாக்கும் ஃப்ரீ இம்ப்ரொவைசேஷன், ஃப்ரீ ஜாஸ், எலக்ட்ரானிக் இரைச்சல், எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத இன்னும் பல. வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஏதாவது ஒரு கச்சேரி இருக்கும்.

நான் சின்ன வயதில் திருச்சியில் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். அரங்கேற்றம் வரை போகவில்லை என்றாலும் காது அந்தப் பழக்கத்தில் வளர்ந்தது. எந்தக் கச்சேரிக்குப் போனாலும் கை தன்னையறியாமல் தாளம் போடத் தொடங்கிவிடும். ஓட்டோவில் அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் போனது. அங்கே எனக்குக் கிடைத்த முதல் அனுபவம் அதுதான். தாளம் போட முடியாத இடத்தில் கை என்ன செய்யும்? கொஞ்ச நேரம் தவிக்கும், அப்புறம் மடியில் அடங்கும். அதற்குப் பிறகுதான் காது வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

ஒரு இரவை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். டபுள் பாஸ் (ஆளுயர வயலின் போன்ற வாத்தியம்) ஒருவர், டிரம்ஸ் ஒருவர், இரண்டே பேர். நான் இரண்டாவது வரிசை. பாஸ் வாசித்தவர் ஆரம்பத்தில் தந்தியைத் தொடவே இல்லை. வில்லை வாத்தியத்தின் மரப் பகுதியில், பக்கவாட்டில், மெல்ல இழுத்தார். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். டிரம்ஸ்காரர் தரையோடு நிற்கிற பெரிய டிரம்மின் தோல்மேல் உள்ளங்கை அகலச் சின்னத் தாளத்தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் விளிம்பில் வயலின் வில் போன்ற ஒன்றை இழுத்தார். தட்டின் கூர்மையான நாதம் டிரம்மின் வயிற்றுக்குள் இறங்கி வேறொரு குரலாக வெளியே வந்தது. அப்புறம் அவர் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு தோலின்மேல் தேய்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிருதங்கத்தின் இடந்தலையில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தி எடுப்போமே, கும்கி, அதன் ஒன்றுவிட்ட உறவு அந்தச் சத்தம். அவர் கும்கியைக் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தோலையும் கையையும் மட்டும் வைத்துக்கொண்டு பொறுமையாகத் தேடினால் எந்த ஊர்க்காரரும் வந்து சேருகிற இடம்தான் அது என்று நினைக்கிறேன்.

ஒரு கட்டத்தில் இருவரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். அப்போதுதான் அறையில் இருந்த மற்ற ஒலிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பாரின் குளிர்பெட்டி ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. வெளியே டால்ஸ்டன் லேனில் ஒரு பேருந்து பிரேக் போட்டது. பாரில் நின்ற பெண் கையில் ஒரு பாட்டிலை எடுத்து, திறக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பாஸ்காரர் குளிர்பெட்டியின் சுருதியைக் கண்டுபிடித்து அதற்கு அரைச் சுரம் கீழே ஒரு நாதத்தை இழுத்தார். இரண்டும் உரசி அறை முழுக்க ஒரு அதிர்வு பரவியது. யாரும் திட்டமிடாத ஒன்று. அந்த அறையில், அந்தக் குளிர்பெட்டியோடு, அந்த இரவில் மட்டுமே சாத்தியமானது. கைதட்டல் உடனே வரவில்லை. முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் வந்தது.

மேடையிலேயே கற்பனை செய்து பாடுகிற மனோதர்மத்தில் ஊறிய நமக்கு இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாமே அந்த நேரத்தில் பிறப்பவை. இன்று பாடிய தோடி ராகம் நாளை அதே மாதிரி வராது. ஆனால் ராகம் முன்பே இருக்கிறது, தாளம் முன்பே இருக்கிறது, எது தவறு என்பது பாடுபவருக்கும் தெரியும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாமாவுக்கும் தெரியும். அந்த வரம்புக்குள்தான் சுதந்திரம், அழகும் அங்கிருந்துதான் வருகிறது.

டெரெக் பெய்லி இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர். 1930இல் ஷெஃபீல்டில் பிறந்த கிதார் கலைஞர். நடன அரங்குகளிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் யார் என்ன கேட்டாலும் வாசித்துப் பல வருடம் பிழைப்பு நடத்தியவர். பிறகு அதெல்லாவற்றையும் விட்டுவிட்டு, எந்த மரபின் சாயலும் இல்லாமல் கிதார் வாசிக்க முடியுமா என்று வாழ்நாள் முழுக்கத் தேடினார். 1980இல் இம்ப்ரொவைசேஷன் பற்றி அவர் எழுதிய புத்தகம் இந்திய இசையைப் பற்றிய அத்தியாயங்களில்தான் தொடங்குகிறது. ஒரு மரபின் மொழிக்குள் நின்று அப்போதைக்கப்போது படைப்பது ஒரு வகை, அப்படி எந்த மொழியையும் சாராமல் படைப்பது இன்னொரு வகை என்று அதில் பிரிக்கிறார். நம் இசையை அவர் மரியாதையோடுதான் அணுகுகிறார். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த வழி இரண்டாவது. இலக்கணம் இல்லாத இடத்தில் நிற்பது எவ்வளவு கடினம் என்று அவர் வாசிப்பைக் கேட்டால் தெரியும். பழகிய ஒரு சின்ன சங்கதி விரலுக்கு வந்தால்கூட அங்கிருந்து திரும்பி வேறு பக்கம் போய்விடுவார்.

டால்ஸ்டன் அடங்கிய இந்த ஹாக்னி வட்டாரத்தில்தான் பெய்லி நெடுங்காலம் வாழ்ந்தார். 2005 கிறிஸ்துமஸ் அன்று இறந்துபோனார். ஓட்டோ திறக்க அப்போது இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. அவரை அந்த அறையில் கேட்க முடியாமல் போனது பெரிய இழப்பு. அவரோடு வாசித்தவர்கள் பலர் அங்கே வந்து வாசித்திருக்கிறார்கள். அந்த அளவிலாவது நமக்குக் கிடைத்த பாக்கியம்.

இந்த இசைக்கு அறை ஏன் இவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பார்த்தேன். எழுதி வைத்த இசைக்குத் தாள் இருக்கிறது. நம் கீர்த்தனைகளுக்குக் குரு சிஷ்ய பரம்பரை இருக்கிறது. இரண்டும் இல்லாத இசை எங்கே தங்கும்? ஆட்கள் திரும்பத் திரும்பக் கூடுகிற ஒரு அறையில்தான் தங்கும். லண்டனில் இந்த இசையின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் அது அறைகளின் வரலாறாகத்தான் வருகிறது.

1966இல் அது தொடங்கியது செயின்ட் மார்ட்டின்ஸ் லேனை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த லிட்டில் தியேட்டர் கிளப்பில். டிரம்மர் ஜான் ஸ்டீவன்ஸ், சாக்ஸஃபோன் வாசித்த ட்ரெவர் வாட்ஸ், ட்ராம்போன் வாசித்த பால் ரதர்ஃபோர்ட் மூவரும் விமானப்படை இசைப் பள்ளியில் பழக்கமானவர்கள். நாடகம் முடிந்து ஆட்கள் போன பிறகு அந்தக் குட்டி அரங்கை ராத்திரியில் இவர்களுக்குக் கொடுத்தார்கள். ஷெஃபீல்டிலிருந்து வந்த பெய்லியும், சாக்ஸஃபோன் கலைஞர் எவான் பார்க்கரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். கேட்க வருபவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

ஜான் ஸ்டீவன்ஸ் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். முதலாவது, உன் வாத்தியத்தில் எவ்வளவு குறுகிய ஒலியை எழுப்ப முடியுமோ அதை மட்டும் வாசி. இரண்டாவது, மூச்சை இழுத்து, அந்த மூச்சு தீரும்வரை ஒரே சுரத்தைப் பிடி, தீர்ந்ததும் மறுபடி இழு. பத்துப் பேர் சேர்ந்து இதைச் செய்தால் ஒவ்வொருவர் மூச்சும் வேறு நீளம் என்பதால் சுரங்கள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். வாத்தியமே தெரியாதவர்களையும் வைத்து அவர் இதை நடத்துவார். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது உன் காதில் விழவில்லை என்றால் நீ சத்தமாக வாசிக்கிறாய் என்பது அவர் வைத்திருந்த கட்டுப்பாடு. இந்தக் கட்டுப்பாட்டைச் சின்ன அறையில்தான் கடைப்பிடிக்க முடியும். வாசிப்பவர் கேட்பதற்கென்றே மானிட்டர் ஸ்பீக்கர் வைத்த பெரிய மேடையில் அதற்கு அர்த்தமே இல்லை.

லிட்டில் தியேட்டர் கிளப்புக்கு அப்புறம் 70களின் நடுவில் லண்டன் மியூசிஷியன்ஸ் கலெக்டிவ் வந்தது. கேம்டனில் ஒரு காலத்தில் ரயில்வே சலவைக்கூடமாக இருந்த கட்டிடத்தில் இசைக் கலைஞர்களே சேர்ந்து இடம் பிடித்தார்கள். 1991இல் கிதார் கலைஞர் ஜான் ரஸ்ஸல் மோபோமோசோ என்ற மாதக் கச்சேரி வரிசையைத் தொடங்கினார். செவன் சிஸ்டர்ஸ் சாலையில் ரெட் ரோஸ் என்ற கிளப்பில் அது பல வருடம் நடந்தது. பிறகு டால்ஸ்டனுக்கே, கில்லெட் சதுக்கத்தில் உள்ள வோர்டெக்ஸ் ஜாஸ் கிளப்புக்கு மாறியது. ரஸ்ஸல் 2021இல் இறக்கும்வரை அதை விடவில்லை. முப்பது வருடம் மாதா மாதம் ஒரு கச்சேரியை நடத்துவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவர் நல்ல கிதார் கலைஞர். ஆனால் அவர் வாசித்ததற்குச் சமமாக, அடுத்தவர் வாசிக்க இடம் வைத்திருந்ததையும் நான் மதிக்கிறேன். இசை விமர்சனங்களில் இந்த வேலையைப் பற்றி ஒரு வரி வருவதே அபூர்வம். வாசலில் டிக்கெட் கிழிப்பது, வாடகைக்கு வழி பண்ணுவது, வெளியூர்க் கலைஞருக்குத் தங்க இடம் தேடுவது, ஆறு பேர் மட்டும் வந்த இரவிலும் அடுத்த மாதத் தேதியை அறிவிப்பது, இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு இசை உயிரோடு இருக்கிறது.

அறை இசையைத் தாங்குவது மட்டும் இல்லை, மாற்றவும் செய்கிறது. இதற்கு நான் அறிந்ததில் சிறந்த உதாரணம் டோக்கியோவில் இருக்கிறது. ஷின்ஜுகுவுக்குப் பக்கத்தில் யோயோகி என்ற பகுதியில் பழைய இரண்டு மாடி வீடு ஒன்றில் 2000இல் ஆஃப் சைட் என்ற இடம் திறந்தது. இட்டோ அட்சுஹிரோ என்ற காட்சிக் கலைஞரும் ஃபுஜிமோட்டோ யுகாரியும் நடத்தினார்கள். கீழே கச்சேரிக்கும் கண்காட்சிக்கும் ஒரு சின்ன அறை, மேலே காபியும் புத்தகமும். வந்தவர்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். சுற்றிலும் குடியிருப்புகள், மெல்லிய சுவர்கள். சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு. இடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

அங்கே வாசித்தவர்கள் குறைத்தார்கள். எவ்வளவு குறைத்தார்கள் என்றால், குறைந்த சத்தமே ஒரு இசை வகையாகிவிட்டது. கிதார் கலைஞர் சுகிமோட்டோ டாகு ஒரு சுரம் வாசித்துவிட்டு அடுத்த சுரத்துக்கு நீண்ட நேரம் காத்திருப்பார். நகமுரா டோஷிமாரு ஒலிக்கலவைக் கருவி ஒன்றை எடுத்து, மைக்கோ வாத்தியமோ எதையும் அதில் செருகாமல், அதன் வெளியீட்டையே அதன் உள்ளீட்டில் இணைத்தார். கருவி தன் சத்தத்தைத் தானே கேட்டுச் சுழலும், அந்தச் சுழற்சியைக் குமிழ்களைத் திருகி வாத்தியமாக வாசித்தார். சச்சிகோ எம் என்ற கலைஞர் பதிவு செய்த ஒலிகளை வைத்து வாசிக்கிற சாம்ப்ளர் கருவியிலிருந்து பதிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு, சோதனைக்காக உள்ளே வைத்திருக்கும் சைன் அலை ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். ஊசி மாதிரி மெல்லிய ஒற்றை நாதம். தலையைக் கொஞ்சம் திருப்பினாலே அது கேட்கும் விதம் மாறும். உலகம் முழுக்க இந்த இசையைப் பற்றிப் பேசினார்கள். ஜென் தத்துவம், ஜப்பானிய மௌனம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் பெரிதாக விளக்கம் கொடுத்தன. எனக்கு அந்த விளக்கங்களில் நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் தூங்க வேண்டும் என்ற எளிய காரணத்தை மதித்து, அதற்குள் ஒரு கலையைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆஃப் சைட் 2005இல் மூடப்பட்டது. அங்கே உருவான கேட்கும் பழக்கம் மற்ற ஊர்களுக்குப் பரவியது. ஓட்டோவில் சில இரவுகளில் அதை உணர்ந்திருக்கிறேன்.

ஓட்டோவில் எல்லாம் மெல்லிய இசைதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியின் பீட்டர் ப்ராட்ஸ்மன் வாசித்த இடமும் அதுதான். சாக்ஸஃபோனை அவர் ஊதினால் எதிரே இருப்பவரின் நெஞ்சுக்கூடு அதிரும். 2010 ஜனவரியில் ஜான் எட்வர்ட்ஸ் பாஸும் ஸ்டீவ் நோபிள் டிரம்ஸும் வாசிக்க, அவர் ஓட்டோவில் வாசித்ததைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஓட்டோ தன் சொந்த இசைத்தட்டு வெளியீட்டை ஓட்டோரோகு என்ற பெயரில் 2012இல் தொடங்கியபோது முதலில் வெளியிட்டது அந்தப் பதிவைத்தான். அதைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது ஸ்டுடியோ ஒலி இல்லை, அறையின் ஒலி. கூட்டத்தின் சத்தமும் வாத்தியங்களும் ஒரே காற்றில் இருக்கின்றன.

அதே இருவரோடும், வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டும் வாத்தியம்) வாசிக்கும் ஜேசன் அடசிவிச்சோடும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் ப்ராட்ஸ்மன் மறுபடி அங்கே வந்தார். வயது 81. மூச்சுக் கோளாறு இருந்தது. அந்த ஜூனில் அவர் இறந்துபோனார். ஓட்டோவில் நடந்தவையே அவருடைய கடைசிக் கச்சேரிகள். அவற்றையும் ஓட்டோரோகு வெளியிட்டிருக்கிறது. முதல் வெளியீட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டேன். பழையதில் சாக்ஸஃபோன் எல்லாவற்றையும் முட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. புதியதில் அவர் இடைவெளி விடுகிறார், மற்ற மூவரும் அந்த இடைவெளிக்குள் வந்து தாங்குகிறார்கள், மூச்சு சேர்ந்ததும் அவர் திரும்ப வருகிறார். வயதான வித்வானுக்குப் பக்கவாத்தியக்காரர்கள் எப்படிப் பிடித்துக்கொடுப்பார்கள் என்று பார்த்திருப்போம். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் வயலின் அந்த சங்கதியை முடித்துக்கொடுக்கும். அதே அன்பு இங்கேயும் கேட்கிறது.

இரண்டு மூன்று நாள் தொடர்ச்சியாக ஒரே கலைஞரை வரவழைப்பது ஓட்டோவின் வழக்கம். சன் ரா ஆர்கெஸ்ட்ரா என்ற அமெரிக்க ஜாஸ் குழுவை மார்ஷல் ஆலன் தலைமையில் அப்படிக் கூட்டி வந்திருக்கிறார்கள். பளபளக்கும் உடைகளோடு அவ்வளவு பெரிய குழு அந்தச் சின்ன அறையில். தொடர் கச்சேரியால் கலைஞருக்கு நன்மை என்னவென்றால், முதல் நாள் அறையோடு பழகிவிட்டால் இரண்டாம் நாள் துணிந்து ஏதாவது செய்யலாம். கேட்பவர்களுக்கும் அப்படித்தான். முடிந்தால் இரண்டாம் நாளுக்கு டிக்கெட் வாங்குங்கள் என்பது என் அனுபவத்தில் சொல்வது.

கடைக்கு அருகிலேயே காலியாகக் கிடந்த ஒரு மனையில் 2013இல் அசெம்பிள் என்ற இளம் கட்டடக் கலைஞர் குழு ஓட்டோவுக்காகக் குட்டிக் கட்டிடம் ஒன்றைக் கட்டியது. சுவருக்குச் செங்கல் வாங்கவில்லை. அங்கே கிடந்த இடிபாடுகளையே பைகளில் நிரப்பி, தன்னார்வலர்களைக் கொண்டு அடுக்கிப் பூசிவிட்டார்கள். இந்தக் குழு பின்னாளில், 2015இல், பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு வாங்கியது. டால்ஸ்டனில் அந்த நாட்களில் இடிபாட்டுக்குப் பஞ்சமே இல்லை. கரீபிய மக்களின் இசைக்குப் பல பத்தாண்டுகள் இடம் கொடுத்த ஃபோர் ஏசஸ் கிளப்பின் கட்டிடத்தை 2007இல் இடித்தார்கள். மக்கள் போராடியும் நிற்கவில்லை. 2010இல் டால்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் திறந்தது, சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன, வாடகை ஏறியது. ஓட்டோவுக்குப் போகிற வழியில் அந்த அடுக்குமாடிகளைப் பார்க்கிறபோதெல்லாம் ஃபோர் ஏசஸ் நினைவுக்கு வரும். எந்த இசைக்கு அறை மிஞ்சுகிறது, எந்த இசைக்கு மிஞ்சுவதில்லை என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஓட்டோவை நேசிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

பணம் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். பகலில் காபியும் சாப்பாடும், இரவில் டிக்கெட்டும் பாரும், கூடவே இசைத்தட்டு விற்பனை, உறுப்பினர் சந்தா. டிக்கெட்டுக்கு மூன்று விலை: உறுப்பினருக்கு ஒன்று, முன்பதிவுக்கு ஒன்று, வாசலில் வாங்கினால் கொஞ்சம் கூடுதலாக ஒன்று. பெரிய அரங்கில் கடைசி வரிசைக்குக் கொடுக்கிற காசில் இங்கே வாத்தியத்துக்கு எதிரே உட்காரலாம். 2020இல் கொரோனா வந்து அறையைப் பூட்ட வேண்டியிருந்தபோது, டகுரோகு என்ற பெயரில் இணைய வெளியீடு ஒன்றை ஆரம்பித்தார்கள். கலைஞர்கள் அவரவர் வீட்டில் பதிவு செய்து அனுப்புவார்கள், விற்று வரும் பணத்தைக் கலைஞரும் ஓட்டோவும் பங்கிட்டுக்கொள்வார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வெளியீடுகள் வந்தன. அந்த ஊரடங்கு நாட்களில் நான் அவற்றை நிறையக் கேட்டேன். சமையலறைச் சத்தம், ஜன்னலுக்கு வெளியே பறவை, பக்கத்து அறையில் குழந்தை, இதெல்லாம் இசைக்குள்ளேயே இருந்தன. அறையில்லாமல் போனபோது ஒவ்வொருவர் வீடும் ஓட்டோவின் ஒரு மூலையாகிவிட்டது.

எல்லா இரவும் நன்றாக அமையும் என்று சொல்லமாட்டேன். அமையாத இரவுகள் உண்டு. நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் மற்றவரைக் கேட்காமல் தன் பாட்டுக்கு நிரப்பிக்கொண்டே போனால் அலுப்புதான் மிஞ்சும். இலக்கணம் இல்லாத இசையில் தப்பு கிடையாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தப்பு உண்டு. அடுத்தவரைக் கேட்காமல் வாசிப்பது தப்பு. முடிக்க வேண்டிய இடம் வந்த பிறகும் முடிக்காமல் இழுப்பது தப்பு. இவற்றைக் கண்டுகொள்ள நம் கச்சேரிப் பழக்கம் நன்றாகவே உதவுகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒன்றையொன்று கேட்டுக் குறைப்பில் இறங்குவதைக் கவனித்த காதுக்கு, இங்கே யார் கேட்கிறார், யார் கேட்கவில்லை என்பது சட்டென்று பிடிபடும்.

லண்டனில் இருக்கிற நம் ஆட்களில் இசை ரசிகர்கள் ஏராளம். டிசம்பர் சீசனுக்குச் சென்னைக்கு டிக்கெட் போடுகிறவர்கள், பிள்ளைகளைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டிப் போகிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள். ஓட்டோவில் அவர்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. அது நமக்கான இடம் இல்லை என்ற தயக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும். அங்கே உடைக் கட்டுப்பாடு கிடையாது, முன்அறிவு வேண்டியதில்லை, தனியாகப் போய் உட்கார்ந்தாலும் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ஒரு முறை என் நண்பர் ஒருவரை, வீணை வாசிப்பவரை, கூட்டிப்போனேன். எவான் பார்க்கர் சோப்ரானோ சாக்ஸஃபோனில் மூச்சே விடாத மாதிரி, மூக்கால் இழுத்தபடியே வாயால் ஊதுகிற சுழற்சி மூச்சில் இடைவெளியின்றி வாசித்தார். ஒரே வாத்தியத்திலிருந்து இரண்டு மூன்று குரல்கள் பின்னிப்பின்னி வந்தன. நண்பர் இடைவேளையில் எதுவும் பேசவில்லை. திரும்புகிற ரயிலில், "இதுல ராகம் இல்லைங்கிறது அஞ்சு நிமிஷத்துல மறந்துபோச்சு. சுருதி எங்க போகுதுன்னே பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றார். இப்போது அவராகவே போகிறார்.

முதல் தடவை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் வாசிக்கிற நாளாகப் பாருங்கள். யார் என்ன செய்கிறார் என்று பிரித்துக் கேட்க அது வசதி. முழுக்க எலக்ட்ரானிக் இரைச்சலாக இருக்கும் இரவுகளைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடலாம். போவதாக இருந்தால் காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். எண் போட்ட இருக்கை கிடையாது, முன்னால் போனவருக்கு முன்வரிசை, அதனால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பின்னால் பாரை ஒட்டி நின்றால் இசையைவிடக் கண்ணாடிக் கோப்பைச் சத்தம்தான் அதிகம் கேட்கும். வீட்டில் சாப்பிட்டுவிட்டே போங்கள், இல்லையென்றால் கிங்ஸ்லாண்ட் சாலையில் வரிசையாகத் துருக்கிக் கடைகள் இருக்கின்றன, கச்சேரி முடிந்து போனாலும் சூடாகக் கிடைக்கும்.

நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஈஸ்ட் ஹாமிலிருந்து போக டிஸ்ட்ரிக்ட் லைனில் வைட்சேப்பல், அங்கே ஓவர்கிரவுண்டுக்கு மாறினால் டால்ஸ்டன் ஜங்ஷன். ஒரே ஒரு மாற்றம்தான். அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில் பாஸ் தனிக்கச்சேரி ஒன்று இருக்கிறது, நான் போகிறேன். கூட வர விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து டிக்கெட் எடுத்துவிடலாம்.